இழுவண்டியின் சக்கரம் ஏன் உரசுகிறது?

பொறி விளக்கம்

நம் சங்கத்தைச் சேர்ந்த அன்னையார் ஒருவர் அனுப்பியுள்ள கடிதமே இத்திங்கள் விளக்கத்துக்குப் பொருளாக அமைந்தது. அவருடைய மகளும் மருமகனும் அமெரிக்க நாட்டில் இரு குழந்தைகளுடன் வாழ்ந்து வருகின்றனர். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் கூடார வண்டி ஒன்றை அவர்கள் பழையதாக விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். முதற் பயணத்திலேயே வலப்புறச் சக்கரத்திலிருந்து ரப்பர் தீயும் நாற்றம் எழுந்ததாம். நிறுத்திப் பார்த்தபோது, சக்கரத்தை மூடியிருக்கும் கூட்டின் உட்புறத் தகடு தேய்ந்து பளபளத்தது. “கூட்டின் தகட்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும்” என்று அண்டைவீட்டார் ஒருவர் யோசனை கூறியிருக்கிறார். வரும் கோடையில் அன்னையாரும் அவர் கணவரும் அங்கே சென்று, எல்லோருமாக அவ்வண்டியுடன் நெடும்பயணம் போவதாகத் திட்டம். “வெட்டினால் போதுமா? பேரக் குழந்தைகளோடு இதை நம்பிச் சாலையில் இறங்கலாமா?” என்பது அவர் வினா.

விடையை முதலில் கூறிவிடுகிறேன். தகட்டை வெட்டக் கூடாது. உரசலின் காரணத்தை அறிந்து நீக்கும் வரையில் அவ்வண்டியைச் சாலையில் இறக்கவும் கூடாது. ஏனென்பதை இனிப் பார்ப்போம்.

இத்தகைய இழுவண்டிகள் அமெரிக்காவில் 1930-களிலிருந்தே குடும்பங்களின் விடுமுறைப் பயணத்துக்குப் பழக்கமானவை. சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே அச்சு, இரண்டே சக்கரங்கள். எஞ்சின் கிடையாது, திருப்பும் சக்கரமும் கிடையாது. முன்னே நீண்டிருக்கும் ஏர்க்கால் போன்ற சட்டத்தின் முனையிலுள்ள கிண்ணம், காரின் பின்புறத்துக் குண்டின்மேல் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். அமைப்பில் நம் ஊர் ஒற்றைமாட்டு வண்டிக்கு இது தூரத்து உறவு என்றே சொல்லலாம். வேற்றுமை வேகத்தில் இருக்கிறது. மாட்டு வண்டியின் சக்கரம் உரசினால் ஓசை கேட்கும். வண்டிக்காரர் இறங்கிப் பார்ப்பார். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் காரின் உள்ளே இருப்பவருக்குப் பின்வண்டியின் உரசல் கேட்பதில்லை. டயர் சூடேறி, மேற்பட்டை கிழிந்து, வெடித்த பின்னரே தெரியும். வெடித்த டயரின் துண்டுகள் சக்கரக் கூட்டையும், அதன் அருகே செல்லும் மின்கம்பிகளையும் சில வண்டிகளில் எரிவாயுக் குழாயையும் அடித்துச் சிதைக்கும். ஆகவே இதை ஓசைக் குறை என்றோ அழகுக் குறை என்றோ எண்ணலாகாது. உயிரைப் பற்றிய விஷயம்.

டயரின் உச்சிக்கும் கூட்டின் கூரைக்கும் இடையே வெற்றிடம் ஏன் வைக்கப்படுகிறது? பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது, வில் வளைந்து அச்சு மேலே ஏறுகிறது; அல்லது வண்டியின் உடல் கீழே அமுங்குகிறது. அந்த அசைவுக்கான இடமே அவ்வெற்றிடம். சுமை ஏற்றிய நிலையில் ஏறத்தாழ 3 அங்குலமாவது இருத்தல் நலம். நின்ற நிலையில் உரசவில்லை என்பதனால் ஓடும்போதும் உரசாது என்று கொள்ள முடியாது.

வில்லில் இருவகை உண்டு. ஒன்று, எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை வில். நம் லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்றும், வடநாட்டுப் பட்டறைகளில் கமானி என்றும் வழங்குவது இதுவே. இதன் முன்முனை சட்டத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். வில் அமுங்கும்போது நீளுமாதலால், பின்முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். நடுவில் அச்சை யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். மற்றொன்று ரப்பர் அச்சு. நாற்சதுரக் குழாயின் உள்ளே மற்றொரு தண்டு. இரண்டுக்கும் நடுவே அழுத்திச் செருகிய ரப்பர்க் கயிறுகள். சக்கரம் ஒரு சிறு கையின் முனையில் இருக்கும். கை மேலே ஏறும்போது உள்தண்டு முறுகி ரப்பரை நசுக்கும். ரப்பர் திருப்பித் தள்ளும். வெளியே பட்டையும் இல்லை, ஷேக்கிளும் இல்லை. அமைதியாக ஓடும். ஆனால் ஆண்டுகள் பல சென்று ரப்பர் தளர்ந்துவிட்டால் அதைப் பழுது பார்க்க இயலாது. அச்சு முழுவதையும் மாற்றவேண்டும்.

இனி, காரணத்தைத் தேடும் முறை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, காரில் பூட்டும்போது இருக்கும் உயரத்திலேயே முன்சட்டத்தைத் தாங்கி, இரு பக்கமும் டயர் உச்சிக்கும் கூட்டின் கூரைக்கும் உள்ள தூரத்தை அளக்கவேண்டும். அன்னையாரின் மருமகனார் இதை முன்னரே செய்து அளவுகளை அனுப்பியிருப்பது பாராட்டுக்குரியது. அவருடையது பட்டை வில் வண்டி. சாமான் ஏதும் ஏற்றாத நிலையில் இடப்புறம் 2½ அங்குலம், வலப்புறம் 1¼ அங்குலம். வண்டியின் தகட்டில் எழுதியுள்ள டயர் அளவு எஸ்.டி. 205/75 ஆர் 14; இப்போது பூட்டியிருப்பதோ எஸ்.டி. 205/75 ஆர் 15. இக்குறிப்புகளே பாதி விடையைத் தந்துவிடுகின்றன.

முதலில் டயரைப் பார்ப்போம். எஸ்.டி. என்பது இழுவண்டிக்கென்றே செய்யப்பட்ட டயர் என்பதன் குறி. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. கடைசி எண் இரும்பு வளையத்தின் விட்டம் அங்குலத்தில். 205-ல் நூற்றுக்கு 75 பங்கு 153.75 மில்லிமீட்டர். இதை மேலும் கீழுமாக இரட்டித்து 14 அங்குல வளையத்தோடு கூட்டினால் டயரின் விட்டம் சுமார் 663 மில்லிமீட்டர். 15 அங்குல வளையமானால் சுமார் 688½. விட்டத்தில் ஓர் அங்குலம் கூடுகிறது. அதில் பாதி, அதாவது அரை அங்குலம், அச்சுக்கு மேலே ஏறுகிறது. வண்டி அரை அங்குலம் உயர்ந்துவிட்டதென்று பழைய உரிமையாளர் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் கூட்டின் உள்ளே இருந்த வெற்றிடத்தில் அந்த அரை அங்குலம் இருபுறமும் குறைந்துபோயிற்று. தகட்டில் எழுதிய அளவுக்கே திரும்பினால் இடப்புறம் 3 அங்குலமும் வலப்புறம் 1¾ அங்குலமும் ஆகும்.

டயர் இருபுறமும் ஒன்றே. ஆதலால் வலப்புறத்தில் மட்டும் மேலும் 1¼ அங்குலம் குறைந்திருப்பதற்கு டயர் காரணமாகாது. அங்கே வேறொன்று தளர்ந்திருக்கிறது. பார்க்கவேண்டியவை நான்கு.

ஒன்று, வில்லின் பட்டைகள். அழுக்கைத் துடைத்துவிட்டு, நடு ஆணியின் அருகே விரல் வைத்துத் தடவிப் பார்க்கவேண்டும். பட்டை வெடிப்பது பெரும்பாலும் அவ்விடத்திலேயே. வெறும் வண்டியிலேயே ஒருபுற வில் நேர்க்கோடாகப் படுத்தோ, எதிர்ப்புறம் வளைந்தோ இருந்தால் அதன் வலிமை போய்விட்டது என்று கொள்ளலாம். நடு ஆணி முறிந்திருந்தால் அச்சு முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். அப்போது டயர் கூட்டின் கூரையை விட்டு முன்சுவரையோ பின்சுவரையோ தேய்க்கும்.

இரண்டு, ஷேக்கிளும் புஷ்களும். பல வண்டிகளில் இப்புஷ்கள் நைலானால் ஆனவை. தேய்ந்து முடிந்தபின் ஆணி இரும்பையே அரிக்கத் தொடங்கும். வட்டமான துளை முட்டை வடிவாக நீண்டிருந்தால் அத்தகடு பயனற்றது. டயரின் உட்புறப் பக்கச்சுவரில் தேய்மானம் காணப்பட்டால் முதலில் இவற்றை ஐயுறவேண்டும். வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் நகர்வதே அதற்குக் காரணம்.

மூன்று, அச்சு. இழுவண்டியின் அச்சு நடுவில் சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பது இயல்பு. சுமை ஏறும்போது நேராகும். பள்ளத்தில் மோதி முனை வளைந்திருந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுமட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. அச்சு நேராக அமர்ந்திருக்கிறதா என்று அறிய, முன்னே உள்ள பூட்டுக் கிண்ணத்தின் நடுவிலிருந்து இரு சக்கரங்களின் மையத்துக்கும் நாடாவால் அளக்கவேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேற்றுமை இருப்பின் அச்சு கோணலாக அமர்ந்துள்ளது.

நான்கு, சுமை. இதில்தான் நம்மவர் சிறப்பாகக் கவனம் செலுத்தவேண்டும். அமெரிக்க இழுவண்டிகளின் இடப்பக்கத்தில் முன்பாதியில் ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். மொத்த எடை எவ்வளவு தாங்கும், அச்சு எவ்வளவு தாங்கும், டயரின் அளவு என்ன, குளிர்ந்த நிலையில் காற்று எவ்வளவு என்பவை அதில் உண்டு. ரயில்வேச் சரக்கு வாகனின் பக்கத்தில் வெற்றெடையும் ஏற்றத்தக்க எடையும் எழுதியிருப்பதை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். அதே பொருளுடையதே இத்தகடும். வாகனில் அளவு மீறி ஏற்றினால் எடைமேடை காட்டிக்கொடுக்கும். வீட்டு வண்டியை நிறுத்து எடை பார்ப்பாரில்லை, நாமேதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உதாரணமாக, வெற்றெடை 1,800 பவுண்டும் மொத்தத் தாங்கெடை 2,500 பவுண்டும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தக்கது 700 பவுண்டு. 20 காலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 167 பவுண்டு. எரிவாயு உருளை நிரம்பிய நிலையில் 37. பாட்டரி 50. கூரைமேல் பின்னர் வைத்த குளிர்சாதனம் 80. நான்கு சைக்கிள்கள் 120. மடக்கு நாற்காலிகளும் மேசையும் 60. உடை, படுக்கை, பாத்திரம், உணவுப் பொருள் 200. அரிசிப் பை 20. தோசைக்கு மாவரைக்க மேசைக் கிரைண்டர் 25. கூட்டிப் பார்த்தால் 759. ஒன்றும் பெரிதாக எடுத்துச் செல்லவில்லை என்று நினைத்திருக்கையிலேயே 59 பவுண்டு மிஞ்சிவிட்டது. தண்ணீரைப் போகுமிடத்தில் நிரப்பிக்கொண்டால் 167 பவுண்டு உடனே குறையும். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை வண்டியின் அச்சையே உவமையாக எடுத்தாண்டது காரணத்தோடுதான்.

அங்கே லாரிகள் தங்குமிடங்களில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் எடைமேடைகள் உண்டு. சாமான் முழுவதும் ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நலம். முன்கிண்ணத்தின்மேல் விழும் பாரம் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இருக்கவேண்டும். 2,500 பவுண்டு வண்டிக்கு 250 முதல் 375 பவுண்டு. அதற்குக் குறைந்தால் பின்வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். காரையும் சேர்த்து இழுத்துவிடும். பாரமான சாமான்களை அச்சுக்குச் சற்று முன்னேயும், இடம் வலம் சமமாகவும் வைக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, பாட்டரி எல்லாம் ஒரே பக்கத்தில் அமைந்த வண்டியில் அப்பக்கத்து வில்லே முதலில் தளரும். அன்னையாரின் மருமகனார் தம் வண்டியில் வலப்பக்கம் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பாராக.

பரிகாரம் என்ன? தகட்டில் குறித்த அளவுள்ள டயருக்கும் வளையத்துக்கும் திரும்புவது முதற்படி. 205/75 ஆர் 14 அளவில் சி வகுப்பு டயர் ஒன்று 50 பவுண்டுக் காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டு தாங்கும். 2,500 பவுண்டு வண்டிக்கு இரண்டு டயர்கள் போதுமானவை. வில்களை இரண்டாகவே மாற்றவேண்டும். வலப்புறம் மட்டும் புதிது பூட்டினால் வண்டி இடப்புறம் சாயும். அன்றியும், வெறும் வண்டியில் 3 அங்குலம் மட்டுமே தரும் இடவில்லும், சுமை ஏறிய பின் அவ்வளவைத் தரப்போவதில்லை. புதிய வில் பழைய வில்லின் நீளம், அகலம், பட்டை எண்ணிக்கை, தாங்கெடை ஆகியவற்றில் ஒத்திருக்கவேண்டும். யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கி நீண்டவை. அவற்றையும் புதியனவாக வாங்குவதே முறை. புஷ்களும் ஷேக்கிள்களும் அதே வேலையில் மாற்றத்தக்கவை. இவை பெருஞ்செலவல்ல.

செய்யத் தகாதவை சில உண்டு. கூட்டை வெட்டுவது முதலாவது. அங்கே உரசல் நோய்க்குறி மட்டுமே. வெட்டினால் குறி மறையும். வெடித்த பட்டையும் மிஞ்சிய சுமையும் அப்படியே இருக்கும். மேலும் மழைநீரும் சேறும் உட்புகுந்து மரத்தளத்தை உளுக்கச் செய்யும். இரண்டாவது, வில்லுக்குக் கூடுதல் பட்டை ஒன்று சேர்த்துவிட்டு, வண்டி அதிகம் தாங்கும் என்று எண்ணுவது. அச்சும் பேரிங்கும் டயரும் பழைய தாங்கெடை உடையவையே. மூன்றாவது, உரசாமல் இருக்கவேண்டுமென்று மிகச் சிறிய டயர் பூட்டுவது. அளவு குறையும்போது தாங்கெடையும் குறையும்.

வில்லுக்கு மேலே இருக்கும் அச்சை வில்லுக்குக் கீழே மாற்றி வண்டியை உயர்த்தும் முறை ஒன்று அங்கே வழக்கத்தில் இருக்கிறது. அச்சுக் குழாயின் பருமனும் வில்லடுக்கின் பருமனும் சேர்ந்து நான்கைந்து அங்குலம் உயரும். கரடுமுரடான பாதையில் செல்வோர் செய்வது இது. ஆனால் அச்சைத் தலைகீழாகப் புரட்டிவிடக் கூடாது. புரட்டினால் மேல்வளைவு கீழ்வளைவாகி, டயர்களின் உள்ளோரம் விரைவில் தேயும். வில் அமரும் இருக்கையை அச்சின் மறுபுறம் புதிதாகப் பற்றவைக்கவேண்டும். அதற்குத் தேர்ந்த பற்றவைப்பாளர் வேண்டும். உயரம் கூடியபின் காற்றிலும் வளைவிலும் வண்டி அதிகமாகச் சாயும். காரின் குண்டையும் அதற்கேற்ப உயர்த்தி, வண்டி மட்டமாகச் செல்லுமாறு செய்யவேண்டும். தார்ச்சாலையில் மட்டும் செல்லும் குடும்பத்துக்கு இது தேவையில்லை.

உயரத்தைச் சரிபார்ப்பது சிறு விஷயம் அல்ல. நம் அகல ரயில்பாதையில், வெறும் வண்டியின் பஃபர் மையம் தண்டவாளத்துக்கு மேல் 1,105 மில்லிமீட்டரை மிஞ்சக் கூடாது. சுமை ஏறிய வண்டியில் 1,030-க்குக் குறையக் கூடாது. சக்கரம் தேயத் தேய, வில்லின் அடியில் வளையங்கள் வைத்து இழந்த உயரத்தை மீட்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர் ஏறும் வண்டியில் விரல் அகலத்துக்குக் கணக்கு வைக்கிறார்களென்றால், நம் குழந்தைகள் செல்லும் வண்டியில் நாம் நாடா பிடிப்பது மிகையாகாது.

வேலை செய்யும்போது கவனிக்கவேண்டியவை: மறுசக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். ஜாக்கியை அச்சுக் குழாயின் நடுவில் வைத்துத் தூக்கக் கூடாது, குழாய் வளைந்துவிடும். வண்டியின் சட்டத்தின் அடியில் வைத்துத் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, அளவுச் சாவியால் இறுக்கி, 10, 25, 50 மைல்களில் மீண்டும் சோதிக்கவேண்டும். பின்னர் டயர் உச்சிக்கு நேரே கூட்டின் கூரையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவைத்து, சாமானுடன், மேடுபள்ளம் உள்ள பாதையில் மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். களிமண் நசுங்கியிருந்தால் சக்கரம் எவ்வளவு நெருங்கியது என்பது கண்கூடாகத் தெரியும். நிற்கும் இடந்தோறும் சக்கர மையத்தின் அருகே கையை வைத்துப் பார்க்கவேண்டும். ஒருபுறம் மட்டும் சூடு மிகுந்திருந்தால் பேரிங்கையோ பிரேக்கையோ ஐயுறுக.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளைத் தொடரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். இழுவண்டி டயர்கள் ஓடித் தேய்வதைக் காட்டிலும் வெயிலில் நின்று கெடுவதே மிகுதி. பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று நம்பாமல், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் உண்டா என்று பார்க்கவேண்டும். வேகக் குறி தனியே இல்லாத எஸ்.டி. டயர்களுக்கு மணிக்கு 65 மைல் உச்ச எல்லை.

அன்னையாருக்கு இறுதியாக ஒன்று. மருமகனார் சோம்பலின்றி அளந்து அனுப்பியிருக்கிறார். அத்தகையவர் இவ்வேலையைச் செம்மையாக முடிப்பார். டயரும் வில்களும் மாற்றி, எடை பார்த்து, சோதனை ஓட்டத்தில் களிமண் நசுங்காமல் வந்தால், தாங்கள் மனக்கலக்கமின்றிப் புறப்படலாம். கோடைக்குள் வேலை முடியாவிடில் பயணத்தை நிறுத்தவேண்டியதில்லை. காரில் மட்டும் சென்று, முகாம் இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் மரக்குடில்களில் தங்கலாம். ஓடும்போது பின்வண்டிக்குள் எவரும், குழந்தைகள் தூங்குவதற்காகக்கூட, இருக்கக் கூடாது. பல மாநிலங்களில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் கூடாது.

இது அமெரிக்காவின் செய்தி, நமக்கென்ன என்று ஏனைய அன்பர்கள் இதழை மடித்துவிட வேண்டாம். பொங்கலுக்கு நாகபுரியிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே சேலத்துக்கும் மதுரைக்கும் காரில் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. கூரைமேல் பெட்டிகளும், பின்னே மூட்டைகளும், உள்ளே ஆறு பேருமாகப் புறப்படுகிறோம். காரின் கதவுச் சட்டத்திலோ குறிப்பேட்டிலோ காற்றழுத்த அளவு எழுதியிருக்கிறது. நிறை சுமைக்குத் தனி அளவும் உண்டு. டயரின் பிறந்த வாரம் அதிலேயே பொறித்திருக்கிறது. புறப்படுமுன் பின்சக்கரத்தின் மேலே நான்கு விரல்களை நுழைத்துப் பாருங்கள். சாமான் ஏற்றுவதற்குமுன் நுழைந்த விரல்கள் ஏற்றியபின் நுழையவில்லையென்றால், ஒரு மூட்டையை இறக்கி ரயில் பார்சலில் அனுப்பிவிடுங்கள்.